லேபிளைக் கழற்றினால் என்ன ருசி? ஹவானாவில் ஐந்து சாயங்காலம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைய எபிசோட் சுருட்டு பற்றி. குறிப்பாக கியூபா சுருட்டு. ஆரம்பிக்கும் முன்னால் ஒரு விஷயம்: இது 18 வயது தாண்டியவர்களுக்கான பேச்சு. புகைக்காதவர் யாரும் இதைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். "வழக்கமா எல்லாரும் போடற டிஸ்கிளெய்மர்தானே"னு நினைச்சு தள்ளி விட்டுடாதீங்க. பாதிக்கு மேல அந்த விஷயம்தான் கதையே.

சென்னையில் நாங்கள் ஒரு சின்ன கேங். மாதம் ஒருமுறை ஒரு மொட்டைமாடியில் கூடுவோம். ஆளுக்கு ஒரு சுருட்டு, நிறைய பேச்சு. அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் பல வருஷ சேமிப்பைப் போட்டு ஆறு பேர் ஹவானா போனோம். ஆறு பேரையும் பெயர் சொல்லாமல் அறிமுகப்படுத்துகிறேன். ஒருத்தர் எங்கள் எல்லாருக்கும் சீனியர், பதினைந்து வருஷமாகச் சுருட்டு பிடிப்பவர். எங்களுக்கு இதில் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவர். அவரை "அண்ணன்"னே சொல்றேன். இன்னொருவர் காபிக்கொட்டை வறுத்து விற்கும் நண்பர். ஒரு திருச்சிக்காரர். ஐடியில் இருக்கும் ஒரு தோழி. அப்புறம் திருச்சிக்காரரின் மனைவி, அவர் பல் டாக்டர். புகைக்கவே மாட்டார். ஊர் பார்க்க வந்தவர். கடைசியா நான்.

எல்லோரும் பணம் போட்டு ஒரே ஒரு பெட்டி, 25 சுருட்டு உள்ள பெட்டி, ஊருக்கு எடுத்துப் போவது என்பது திட்டம். ஒரு வருஷ மொட்டைமாடிக்கு அதுதான் சரக்கு. எந்தப் பெட்டி என்பதில்தான் சண்டை.

திருச்சிக்காரர் சொன்னார்: "கியூபா வரைக்கும் வந்துட்டு கோஹிபா வாங்காம போனா ஊர்ல சிரிப்பாங்க." ஐடி தோழி சொன்னாள்: "நீங்க பேருக்குத்தான் காசு கொடுக்கறீங்க. லேபிளைக் கழட்டிட்டா எல்லாம் ஒண்ணுதான்." இந்த இரண்டு வாக்கியங்களில் எது உண்மை? அதைக் கண்டுபிடிக்க ஐந்து சாயங்காலம் செலவழித்தோம்.

ஒரு சுருட்டுக்குள் என்ன இருக்கிறது

முதலில் அடிப்படை. சிகரெட் மெஷினில் வருவது. நல்ல கியூபா சுருட்டு முழுக்கக் கையால் சுற்றப்படுவது. உள்ளே காகிதமோ ஃபில்டரோ கிடையாது. வெறும் இலைதான். ஆனால் ஒரே இலை அல்ல.

வெளியே தெரிகிற மெல்லிய, பளபளப்பான இலைக்கு காப்பா என்று பெயர். அதைத் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிறார்கள். வெயில் நேரடியாகப் பட்டால் இலை தடித்துவிடும். அதற்கு உள்ளே கட்டுக்கோப்பாகப் பிடித்து வைக்கிற இலை கபோத்தே. அதற்கும் உள்ளே இருப்பது திரிப்பா, அதாவது உள்நிரப்பு. ருசியின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. இது பொதுவாக மூன்று வகை இலைகளின் கலவை. செடியின் கீழ்ப்பகுதியில் பறிப்பது வொலாதோ. காரம் குறைவு, நன்றாக எரியும். நடுவில் பறிப்பது சேகோ. மணம் இதில்தான். மேலே பறிப்பது லிஹேரோ. வெயிலை அதிகம் வாங்கியது, எண்ணெய்ப்பசை அதிகம், காரமும் அதிகம். மெதுவாகத்தான் எரியும். அதனால் சுற்றும்போது லிஹேரோவை நடுமையத்தில் வைப்பார்கள்.

ஒரு சுருட்டு "லைட்"டா "ஸ்ட்ராங்"கா என்பது இந்த மூன்றின் விகிதம்தான். நிறையப் பேர் வெளித்தோலின் கறுப்பைப் பார்த்து "இது ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்"னு முடிவு பண்றாங்க. அப்படி இல்லைங்க. நிறத்தை வைத்துக் காரத்தைச் சொல்ல முடியாது.

பறித்த இலையைக் கொட்டகையில் கோல்களில் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காயவிடுகிறார்கள். பிறகு குவியலாக அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். குவியலுக்குள் சூடு ஏறும். இலையின் எரிச்சலும் அம்மோனியா வாடையும் குறையும். நம் ஊரில் மாவு புளிக்கிற மாதிரி என்று சொல்லமாட்டேன், ஆனால் விட்டுவைத்தால் குணம் மாறுகிறது என்ற விஷயம் ஒன்றுதான். அதன்பின் மூட்டையாகக் கட்டி வைத்துவிடுவார்கள். வொலாதோவுக்குக் குறைந்தது ஒன்பது மாதம், லிஹேரோவுக்கு இரண்டு வருஷம் வரைகூட ஆகும். கோஹிபாவில் இன்னும் ஒரு படி: சேகோவும் லிஹேரோவும் மரப்பீப்பாயில் மூன்றாவது முறை புளிக்க வைக்கப்படுகின்றன. ஆக, "வெறும் பேர்தான்" என்று கோஹிபாவைத் தள்ளிவிடவும் முடியாது. உண்மையிலேயே அங்கே கூடுதல் வேலை நடக்கிறது.

கோஹிபாவின் கதையும் சுவாரசியம். அது வயசில் சின்ன பிராண்ட். பார்த்தகாஸ் 1845-ல் வந்தது, ரோமியோ இ ஹூலியெத்தா 1875-ல். கோஹிபா வந்தது 1966-ல். ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் தனக்கென்று சுற்றி வாங்கிய சுருட்டின் வாசனை காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப் போனதில் ஆரம்பித்தது. பல வருஷம் அரசு விருந்தினர்களுக்குப் பரிசாக மட்டும் போனது. 1982-ல்தான் வெளிச்சந்தைக்கு வந்தது. அதைச் சுற்றுவதற்காகத் தொடங்கிய எல் லகீத்தோ ஆலையில் பெண்கள்தான் சுற்றினார்கள். காஸ்ட்ரோ? 1985-ல் சுருட்டை விட்டுவிட்டார்.

தெருவில் ஒரு பெட்டி

ஹவானாவில் இறங்கிய முதல் நாளே ஒருத்தர் எங்களைப் பிடித்துக்கொண்டார். நல்ல சிரிப்பு. "என் மச்சான் ஆலையில் வேலை செய்கிறான். இன்னைக்குக் கூட்டுறவு நாள், தொழிலாளர்கள் பாதி விலைக்கு விற்கலாம்." ஹவானா போனவர்கள் எல்லோரும் இந்த "கூட்டுறவு நாள்" கதையைக் கேட்டிருப்பார்கள். வருஷம் 365 நாளும் அது கூட்டுறவு நாள்தான்.

மாடியில் ஒரு அறைக்குக் கூட்டிப்போய் கோஹிபா பெட்டியைக் காட்டினார். பார்க்க அவ்வளவு அழகு. மூடியில் கண்ணாடி வேறு. அண்ணன் கண்ணாடியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அசல் கோஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதில்லை.

வெளியே வந்தபிறகு பெட்டியை எப்படிப் பார்ப்பது என்று அண்ணன் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்க. மரப்பெட்டியாக இருந்தால் சூட்டு முத்திரை இருக்கும்: "கியூபாவில் தயாரானது", "முழுக்கக் கையால்" என்று ஸ்பானிஷில். கூடவே ஹபானோஸ் எஸ்.ஏ. என்ற பெயர். 1994-ல் உருவான அந்த நிறுவனம்தான் கியூபா சுருட்டு முழுவதையும் உலகத்துக்கு விற்கிறது. பக்கத்தில் மையில் ஒரு குறியீடு: ஆலைக்கான ரகசிய எழுத்துகள், கீழே மாதமும் வருஷமும். எந்த மாதம் பெட்டியில் அடைத்தார்கள் என்பது அதில் தெரியும். வெளியே பச்சை-வெள்ளை உத்தரவாத முத்திரைச் சீட்டு. அதில் இப்போது பார்கோடும் ஹோலோகிராமும் உண்டு.

இதையெல்லாம் போலிக்காரர்களும் அச்சடிக்கிறார்கள். அதனால் பெட்டியைத் திறந்ததும் சுருட்டைப் பாருங்க. அசல் பெட்டியில் எல்லாச் சுருட்டும் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் இருக்கும். இடமிருந்து வலமாகக் கறுப்பிலிருந்து வெளிறலுக்கு நிறம் பார்த்து அடுக்குவதற்கென்றே ஆலையில் தனி ஆட்கள் இருக்கிறார்கள். எல்லா லேபிளும் ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். அடிப்பக்கத்தை மோந்து பாருங்க. கடைசியாக, விலை. யாராவது கோஹிபாவை அஞ்சில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தால், அங்கே ஆராய்ச்சி தேவையில்லை.

சந்தேகமே வேண்டாம் என்றால் அரசுக் கடையில் வாங்கி, பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டில் கேட்பார்கள்.

ஐந்து நம்பர்கள்

இப்போ டேஸ்டிங். காபி நண்பர்தான் திட்டம் போட்டார். காபி உலகத்தில் கண்ணைக் கட்டாத குறையாக ருசி பார்ப்பது அவருக்குத் தினசரி வேலை. அவர் சொன்ன முதல் விதி: "அளவு மாறினா ருசி மாறும். ஒரே அளவா எடுக்கணும்." சரியான பாயிண்ட். தடிமனான சுருட்டு குளிர்ச்சியாக எரியும், ஒல்லியானது சீக்கிரம் சூடாகும். சுருட்டின் தடிமனை ஓர் அங்குலத்தின் 64-ல் ஒரு பங்காக அளக்கிறார்கள். 50 என்றால் 64-ல் 50, அதாவது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர்.

நல்லவேளையாக ரொபுஸ்தோ என்ற அளவு பல பெரிய பிராண்டுகளில் உண்டு. 124 மில்லிமீட்டர் நீளம், 50 தடிமன். அதில் நான்கு எடுத்தோம். ஓயோ தே மான்தெரேயின் எபிக்யூர் நம்பர் 2, இது மென்மை என்று பெயர் வாங்கியது. ரோமியோ இ ஹூலியெத்தாவின் ஷார்ட் சர்ச்சில், நடுத்தரம். பார்த்தகாஸ் சீரி டி நம்பர் 4, காரம். அப்புறம் கோஹிபா ரொபுஸ்தோஸ். எல்லாம் கடையில் சில்லறையாக வாங்கியது. கோஹிபாவுக்கு மட்டும் மூன்று கடை ஏறி இறங்கினோம்.

இரண்டாவது விதிதான் இதில் விஷமம். நான்கில் ஏதோ ஒன்றை இரண்டு தடவை வைக்க வேண்டும். எதை என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நம்பர், நான்கு சுருட்டு. தன் நாக்கு ஒரே விஷயத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்கிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது விதி: ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒரு ரொபுஸ்தோவுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரே ராத்திரியில் ஐந்தையும் பிடித்தால் மூன்றாவதிலேயே தலை சுற்றும். நாக்கு மரத்துவிடும். தினம் இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, அதே பால்கனியில், தண்ணீரும் ரொட்டியும் மட்டும். ரம் கிடையாது. ரம் இல்லாத ஹவானா பால்கனி கொஞ்சம் கொடுமைதான்.

லேபிளைக் கழற்றி நம்பர் போட நடுவர் வேண்டுமே. புகைக்காத ஒரே ஆள் டாக்டர்தான். அவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வாயைத் திறக்கணும். நான் பார்த்துட்டுத்தான் சுருட்டைக் கொடுப்பேன்."

வாயைத் திறங்க

எல்லோரும் சிரித்தோம். போன் டார்ச்சை ஆன் பண்ணி வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தார். என்னை, தோழியை, காபி நண்பரை, தன் கணவரை. அண்ணனிடம் வந்தபோது நேரம் ஆனது. நாக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். கைத்துணியால் கன்னத்தின் உள்பக்கம் துடைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"அண்ணா, இங்க ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு. தேய்ச்சா போகலை. எவ்வளவு நாளா இருக்கு?"

அண்ணனுக்கு அது இருப்பதே தெரியாது. வலிக்கவில்லை, எரியவில்லை.

டாக்டர் பயமுறுத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டு பல காரணத்தால் வரலாம். புகையிலை முக்கியமான காரணம். பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் சில அப்படி மாறும். எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, துளி சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். "ஊருக்குப் போன முதல் வாரமே பயாப்ஸி. அதுவரைக்கும் ஒண்ணும் பிடிக்கக் கூடாது. இந்த டேஸ்டிங்கும் சேர்த்துத்தான்."

அண்ணன் கேட்டார், "நான் புகையை உள்ளே இழுக்கறதே இல்லையே டாக்டர்?"

இந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். "சிகரெட் மாதிரி இல்ல, வாயோடு சரி" என்பது சுருட்டுக்காரர்களின் தாயத்து. அதற்கு அவர் சொன்ன பதில் இது. சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை உடையது, நிகோட்டின் ரத்தத்தில் ஏற நுரையீரலுக்குப் போக வேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ஏறிவிடும். அதனால்தான் உள்ளே இழுக்க வேண்டியதில்லை. அதாவது, புகை முழுக்க வாயில்தான் தங்குகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய் இங்கேயெல்லாம் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பைச் சுருட்டு கூட்டுகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு முழு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டேஸ்டிங்கை விட்டுவிடலாம் என்று காபி நண்பர் சொன்னார். அண்ணன்தான் வேண்டாம் என்றார். "நான் நோட்ஸ் எழுதறேன். நீங்க பண்ணுங்க." நாங்கள் பண்ணினோம். அது சரியா என்று என்னைக் கேட்டால், அன்று ராத்திரி யாருக்கும் அவ்வளவு தெளிவாக யோசிக்க வரவில்லை என்றுதான் சொல்வேன்.

கருப்பட்டி, வேர்க்கடலை, மழை

ருசியைச் சொல்ல எங்களிடம் இருந்த வார்த்தைகள் எல்லாம் இங்கிலீஷ் ரிவ்யூக்களில் படித்தவை. தேவதாரு, தோல், கோகோ. அண்ணன் அதற்குத் தடை போட்டார். "தேவதாரு மரத்தை நம்மள்ல எத்தனை பேர் மோந்து பார்த்திருக்கோம்? உங்க வாய்க்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

நல்ல யோசனை அது. நமக்கு அறுசுவை என்று ஒன்று இருக்கிறதே. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கசப்பு, உவர்ப்பு, துவர்ப்பு. சுருட்டில் துவர்ப்பு ரொம்ப முக்கியம். நாக்கின் ஓரம் இழுக்கிற மாதிரி வருவது அதுதான். நமக்கு அதற்கு ஒரே வார்த்தை. சுருட்டைச் சொல்ல இங்கிலீஷ்காரர்களுக்கே நாம்தான் ஒரு வார்த்தை கொடுத்தோம். "செரூட்" என்ற சொல் நம் "சுருட்டு"தான். திருச்சி சுருட்டு ஒரு காலத்தில் லண்டன்வரை பிரபலம். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்து "திருச்சினாப்பள்ளி" என்று கண்டுபிடிப்பார். எங்கள் திருச்சிக்காரர் இதை ஐந்து நாளில் ஐந்து தடவை சொன்னார்.

ஆக, நோட்டில் இப்படி எழுதினோம். நம்பர் 1: வறுத்த வேர்க்கடலைத் தோல், லேசான புளிப்பு. நம்பர் 2: பால் காய்ச்சும்போது வரும் வாசம், பின்னால் மெல்லிய இனிப்பு. நம்பர் 3: காய்ந்த வைக்கோல், தேன், கடைசியில் மிளகு. நம்பர் 4: கருப்பட்டி, ஈரமண், நல்ல காரம். நம்பர் 5-ல் இரண்டு பேர் பால் வாசம் என்றார்கள். திருச்சிக்காரர் "கசப்பு, உறிஞ்சவே முடியலை" என்றார்.

ஒரு சுருட்டை எப்படிக் கவனிப்பது என்றும் சொல்லிடறேன். மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்வார்கள். முதல் பாகம் அறிமுகம், நடுப்பாகத்தில்தான் அதன் குணம் தெரியும், கடைசியில் காரம் ஏறும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போனால் சூடாகிக் கசக்கும். சாம்பலைத் தட்டித் தட்டி விடக் கூடாது. பாதியில் கசக்க ஆரம்பித்தால் வைத்துவிடலாம். கடைசி வரை பிடித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆறாவது நாள் காலை டாக்டர் சீட்டைப் பிரித்தார். 1: ரோமியோ. 2: ஓயோ. 3: கோஹிபா. 4: பார்த்தகாஸ். 5: மறுபடி ஓயோ.

"எல்லாம் ஒண்ணுதான்" என்ற ஐடி தோழி எதற்கு அதிக மார்க் போட்டிருந்தாள் தெரியுமா? நம்பர் 3. கோஹிபாவுக்குப் பத்துக்கு ஒன்பது. கோஹிபாதான் வேண்டும் என்ற திருச்சிக்காரர் அதற்குப் போட்டது ஆறு. பக்கத்தில் "பார்த்தகாஸ்?" என்று கேள்விக்குறி வேறு. 2-ம் 5-ம் ஒன்று என்று கண்டுபிடித்தது காபி நண்பர் மட்டும்தான். எனக்குப் பிடித்தது நம்பர் 4, அந்தக் கருப்பட்டி.

திருச்சிக்காரர் ஓயோவுக்கு ஒரு நாள் எட்டும் இன்னொரு நாள் ஐந்தும் போட்டிருந்தார். எல்லோரும் அவரைக் கலாய்க்க ஆரம்பித்தோம். அண்ணன் நோட்டைப் புரட்டி நிறுத்தினார். "உறிஞ்ச முடியலைன்னு எழுதியிருக்கேன் பாருங்க. அவர் கைக்கு வந்த ஒண்ணுல இலை அடைச்சிருக்கு. காத்து போகாம சூடாகியிருக்கும், அதான் கசப்பு. அவர் நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு." கையால் செய்கிற பொருள் இல்லையா? ஒரே பெட்டியில் இரண்டு சுருட்டு இரண்டு மாதிரி இருக்கலாம். ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு ஒரு பிராண்டை "சூப்பர்" என்றோ "வேஸ்ட்" என்றோ முடிவு செய்யாதீர்கள்.

நான்கு பேர் மார்க்கையும் கூட்டினோம். நாற்பதுக்கு ரோமியோ 25. பார்த்தகாஸ் 28. கோஹிபா 29. ஓயோ ஒரு தடவை 31, ஒரு தடவை 28. சராசரி 29.5. கோஹிபாவுக்கும் ஓயோவுக்கும் வித்தியாசம் அரை மார்க். விலை? ஒரு கோஹிபா வாங்கிய காசில் ஓயோ மூன்றாவது வாங்கியிருக்கலாம்.

2022-ல் ஹபானோஸ் நிறுவனம் கோஹிபா விலையை ஹாங்காங் விலைக்கு இணையாக உலகம் முழுக்க ஏற்றிவிட்டது. பல ஊர்களில் விலை ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அடுத்த வருஷம் அவர்கள் விற்பனை 72.1 கோடி டாலர். பெரிய வாடிக்கையாளர் சீனா. அதனால் கோஹிபா மோசம் என்று அர்த்தமில்லை. எங்கள் நான்கு பேரில் ஒருத்திக்கு அதுதான் உண்மையிலேயே முதலிடம். மற்ற மூன்று பேரின் நாக்குக்கு அந்தக் கூடுதல் காசு தெரியவில்லை. அவ்வளவுதான் எங்கள் சோதனை சொன்னது.

இலை எங்கிருந்து வருகிறது

இரண்டாவது வாரம் பினார் தெல் ரியோ போனோம். ஹவானாவுக்கு மேற்கே. நல்ல இலை விளைகிற வுவெல்தா அபாஹோ இங்கேதான். நாங்கள் போவதற்கு ஐந்து மாதம் முன்னால், 2022 செப்டம்பர் 27 அன்று, இயன் புயல் இந்த மாவட்டத்தின் மேலேதான் கடந்துபோனது. இலை காயவைக்கும் கொட்டகைகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கொட்டகை இல்லாமல் இலையைக் காயவைக்க முடியாது. காயாவிட்டால் அந்த வருஷப் பயிரே இல்லை. நாங்கள் பார்த்தபோதும் பாதிக் கொட்டகைகள் வெறும் சட்டமாக நின்றன. ஒரு விவசாயி பழைய பலகைகளிலிருந்து ஆணி பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். விளைச்சலின் பெரும்பகுதியை அரசு சொல்லும் விலைக்கு அரசுக்கே கொடுக்க வேண்டும். ஹாங்காங் விலை அந்த வயலுக்கு வருவதில்லை.

ஆலைகளில் ஒரு பழக்கம் உண்டு. சுற்றுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, மேடையிலிருந்து ஒருவர் சத்தமாகப் படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். 1865-ல் ஹவானாவில் ஆரம்பித்தது. மான்டிகிறிஸ்டோ என்ற பிராண்ட் பெயரே அப்படிப் படிக்கப்பட்ட அலெக்சாந்தர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததுதான். ஒரு வகையில் முதல் பாட்காஸ்ட் கேட்டவர்கள் இவர்கள்தான்.

வருஷா வருஷம் ஹவானாவில் சுருட்டுத் திருவிழா நடக்கும். கடைசி ராத்திரி ஏலம். 2024-ல் அதில் வந்தது 1.7 கோடி யூரோவுக்கும் மேல். அந்தப் பணம் எங்கே போகிறது தெரியுமா? கியூபாவின் பொது மருத்துவத்துக்கு. இதை டாக்டரிடம் சொன்னபோது, "பரவாயில்லையே, வட்டம் முழுசா சுத்துது" என்றார்.

என்ன வாங்கினோம்

மார்க் படி ஓயோ பெட்டி வாங்க வேண்டும். கடைக்குப் போனால் பெட்டியே இல்லை. அடுத்த கடை, அதற்கடுத்த கடை, எங்கும் இல்லை. சில அலமாரிகளில் தூசிதான். அந்த வருஷங்களில் கியூபாவிலேயே கியூபா சுருட்டு கிடைப்பது கஷ்டம். கடைசியில் பத்து சுருட்டு உள்ள பார்த்தகாஸ் பெட்டி ஒன்று வாங்கினோம். 25 என்று போய் 10-ஓடு வந்தோம். யாரும் பெரிசா வருத்தப்படவில்லை.

நீங்க ஏற்கெனவே பிடிக்கிறவராக இருந்து, தேர்ந்தெடுக்க உதவி வேண்டுமென்றால் சுருக்கமா: பெட்டி வாங்காதீங்க, சில்லறையாக வாங்குங்க. லேபிளைப் பார்க்காமல் ஒருமுறை பாருங்க. விரலால் மெல்ல அழுத்தினால் மெத்தென்று மீள வேண்டும். கட்டியாக ஓரிடம் தட்டுப்பட்டால் வேண்டாம். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில், ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதத்துக்குள் வையுங்கள். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் புகையிலை வண்டு பொரிந்துவிடும், சுருட்டில் குண்டூசித் துளை விழும். அப்புறம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். சுருட்டு கட்டரைவிட இதுதான் முதலில் தேவை.

அண்ணனைப் பற்றிக் கேட்பீங்க. இதைச் சொல்ல அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. ஆனால் செல்களில் ஆரம்பநிலை மாற்றம் இருந்தது. அந்தத் திட்டை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். அவர் அன்றோடு விட்டுவிட்டார். திருச்சிக்காரரும் அந்த வருஷமே விட்டார். நாங்கள் மிச்சம் மூன்று பேர் மாதம் ஒன்று என்பதை மூன்று மாதத்துக்கு ஒன்று ஆக்கியிருக்கிறோம். டாக்டரைக் கேட்டால் அதுவும் அதிகம்தான் என்பார். அவர் சொல்வது சரி.

பார்த்தகாஸ் பெட்டியில் இன்னும் நான்கு பாக்கி. பெட்டி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது, ஈரப்பதம் பார்த்துக்கொள்வது அவர்தான். கேட்டால் கொடுப்பார். ஆனால் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா டாக்டரைப் பார்த்தது எப்போ?"

அடுத்த எபிசோடில் காபி நண்பர் வருகிறார், ஃபில்டர் காபியில் சிக்கரி எதற்கு என்று பேசப் போறோம். கேள்வி இருந்தா அனுப்புங்க.